கண்ணாடி போட்ட தேசிங்கு

வல்லத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் அறுபதை நெருங்கும் ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார். பக்கத்து சீட்டுக்காரர் மகளுக்கு வரன் தகையவில்லை என்று புலம்பி முடிப்பதற்குள், "கொஞ்சம் இருங்க, இதுக்கு நடுவுல ஒரு சீன் வெக்கணும்" என்று ஆரம்பிப்பார். சந்தேகமே வேண்டாம், அவர் பாக்யராஜ் ரசிகர். எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு. என் சித்தப்பா.

செஞ்சிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு வீரன் என்றால் அந்தக் கோட்டையை ஆண்ட ராஜா தேசிங்குதான். 1960-இல் எம்.ஜி.ஆரும் அந்த வேஷம் கட்டிவிட்டார். சரி, நாமும் ஆகலாம் என்றால் குதிரைக்கு எங்கே போவது? சித்தப்பாவிடம் இருந்தது மணிக்கு இரண்டு முறை செயின் கழலும் வாடகை சைக்கிள்.

இந்த நேரத்தில்தான் வெள்ளாங்கோவில் பாக்யராஜ் வந்தார். 1979-இல் 'சுவரில்லாத சித்திரங்கள்' எடுத்து டைரக்டரானவர். கண்ணாடி, கொங்கு இழுவை, அடி வாங்கவும் தயங்காத கதாநாயகன். சித்தப்பா அன்றே பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கிவிட்டார்.

1981-இல் 'இன்று போய் நாளை வா'. கம்பனில் ராமன் ராவணனிடம் சொல்வதைக் காதலுக்குத் தலைப்பாக்கிய படம். ராதிகாவை மடக்க மூன்று நண்பர்கள் முட்டி மோதுவார்கள்; அதில் ஒருத்தன் அவள் அப்பாவிடம் இந்தி கற்கப் போய், 'ரஹ்தா தா' வாயில் நுழையாமல் 'ரகு தாத்தா'வில் சிக்குவான். டூரிங் கொட்டகை மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து அதை ஏழு தடவை பார்த்த சித்தப்பா, எட்டாம் நாள் இந்தி படிக்கக் கிளம்பினார். வல்லத்தில் இந்தி வாத்தியாரும் இல்லை, வாத்தியாருக்குப் பெண்ணும் இல்லை. கிடைத்தது செஞ்சி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், நாலு மணி பேட்ச், ஜன்னலோர மெஷினில் ஒரு பச்சைத் தாவணி.

ஆறு மாதம் 'ஏ எஸ் டி எஃப்' தட்டினார். பார்வை பச்சைத் தாவணி மேலேயே இருந்ததில் விரல் சந்தில் மாட்டியது. ரிப்பன் மை மூக்கில் ஏறியது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்த ஒரே நாள் அதுதான். அவள் லோயர் பாஸ் பண்ணினாள். கல்யாணப் பத்திரிகையை நீட்டி, "அவசியம் வரணும் அண்ணா" என்றாள்.

நல்லவேளை, அதே 1981-இல் 'அந்த 7 நாட்க'ளும் வந்திருந்தது. காதலியை விட்டுவிட்டுத் திரும்பி நடக்கும் பாலக்காட்டு மாதவனை மனசில் நிறுத்தி, சித்தப்பா அந்தக் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி தூக்கினார். மாப்பிள்ளை இலைக்கு இரண்டு கரண்டி கூடவே ஊற்றினாராம்.

1983-இல் 'முந்தானை முடிச்சு' வந்து, முருங்கைக்காயை ஆசை மூட்டும் காயாக்கிய பிறகு அதற்கே மானம் போனது. சித்தப்பா கல்யாணம் ஆகி மறுவீடு போனபோது, மாமியார் ஒன்றும் அறியாமல் அதையே சாம்பாரில் போட்டார். "இன்னா மாப்ளே, துன்னுங்க!" என்று மச்சான்கள் கோரஸ் பாட, சித்தப்பா மூன்று துண்டையும் இலை ஓரத்தில் ஒதுக்கினார். சித்தி மட்டும் குனிந்தபடியே, "ஒதுக்கினது போதும், சாப்பிடுங்க" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டுத் திரைக்கதை சித்தியுடையது.

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் யோசித்தால், வேண்டாம் என்ற பெண்ணின் கல்யாணத்தில் பந்தி பரிமாற ஒரு பதினாறு வயசுப் பையனுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது? தேசிங்கிடம் அதற்குப் பாடம் இல்லை. அவனுக்குத் தெரிந்தது வெற்றி, இல்லையென்றால் வீர மரணம். அசடு வழிந்தபடி தோற்று, மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டு பொழப்பைப் பார்க்கலாம் என்று சொல்லிக் கொடுத்தவர் பாக்யராஜ். எங்கள் ஊருக்கு அது கோட்டையைவிட உபயோகமாக இருந்தது.

சித்தப்பா இன்னும் கண்ணாடி போட்டிருக்கிறார். இப்போது பவர் ஒன்றரை.