ஜூம் சுவர்

பெயின்டர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார்: "மேடம், ஜூம் சுவர் எது?"

நான் முழித்ததைப் பார்த்து அவரே விளக்கினார். "மீட்டிங்ல உங்களுக்குப் பின்னாடி தெரியுமே, அந்தச் சுவர். அதுக்கு மட்டும் நல்ல எமல்ஷன் அடிச்சிடலாம். மத்த மூணுக்கும் சுண்ணாம்பு அடிச்சாக்கூட யாருக்குத் தெரியப்போகுது?" குரோம்பேட்டையில் மட்டும் இப்படி ஏகப்பட்ட ஒற்றைச் சுவர் ஆபீஸ்கள் அவர் கைவண்ணத்தில் நடக்கின்றனவாம். ஒரு வீட்டில் செங்கல் டிசைன். இன்னொரு வீட்டில் அருவி. மூன்றாவது வீட்டில் புத்தக அலமாரி போலவே அச்சடித்த வால்பேப்பர். "அந்த சார் வீட்ல பஞ்சாங்கம்கூட கிடையாது மேடம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

என் கணவருக்கு இந்த யோசனை உடனே பிடித்துப்போனது. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம். நாலு சுவர் என்றால் 400 சதுர அடி, ஒரு சுவர் என்றால் 100 என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டுவிட்டார். வங்கியில் வேலை பார்க்கிறவர். "இன்னும் யோசிச்சா அந்தச் சுவரும் தேவையில்ல. பின்னணியை மங்கலாக்குற பட்டன் இலவசம்தானே?" என்றார். இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அதனால் காபி வேண்டுமா என்று கேட்டேன்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பில்டரின் நோட்டீஸில் அது மூன்றாவது படுக்கையறை. எங்கள் வீட்டு வழக்கில் ஸ்டோர் ரூம். 2020 மார்ச்சில், 21 நாள்தான் என்று சொல்லி நாட்டையே பூட்டியபோது, ஆபீஸிலிருந்து வந்த லேப்டாப்பை டைனிங் டேபிளில் வைத்தேன். பையனுக்கு அதே டேபிளில் ஆன்லைன் வகுப்பு. ஓஹையோவிலிருக்கும் கிளையன்டிடம் மருத்துவக் காப்பீட்டு பில்களைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் பதினாறாம் வாய்ப்பாடு ஓடும். 21 நாள் போய் வருஷங்கள் ஆன பிறகு, வாரத்தில் பாதி நாள் இனி வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆபீஸ் சொல்லிவிட்டது. சரி, ஆபீஸுக்கென்று ஓர் அறை வேண்டும் என்று ஸ்டோர் ரூமைத் திறந்தேன்.

உள்ளே 26 கிலோ அரிசி மூட்டை. கொலுப்படி. வாரண்டி முடிந்த மிக்ஸியின் அட்டைப்பெட்டி. மிக்ஸி போய்ச் சேர்ந்துவிட்டது, பெட்டி இருக்கிறது. மாமனார் எடைக்குப் போட மனமில்லாமல் கட்டிவைத்திருக்கும் பேப்பர்கள். குறுக்கே, ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணிவரை, மழைக்காலத் துணிக் கொடி. மழைக்காலம் எங்கள் வீட்டில் பன்னிரண்டு மாதமும் உண்டு.

ஆபீஸ் அறை என்கிற இந்த விஷயத்தில் மோசம் போனது நான் மட்டும் இல்லை என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. அமெரிக்காவில் ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்றொருவர், ஹெர்மன் மில்லர் கம்பெனிக்காக 1964-இல் 'ஆக்‌ஷன் ஆபீஸ்' என்ற மேஜை அமைப்பை உருவாக்கினார். மனிதன் நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்காரக் கூடாது, எழ வேண்டும், நிற்க வேண்டும், நடமாட வேண்டும் என்பது அவர் கட்சி. நின்றுகொண்டே வேலை பார்க்கிற உயரத்துக்கும் மேஜை வைத்தார். 1968-இல் அடுத்த வடிவம் வந்தது: விருப்பம்போல் நகர்த்தக்கூடிய தடுப்புகள், விரிந்த கோணங்கள். கம்பெனிகள் அந்தத் தடுப்புகளை வாங்கி, விரிந்த கோணத்தை எல்லாம் செங்கோணமாக்கி, ஆளுக்கொரு பெட்டி என்று அடைத்துவிட்டன. ஆளை நடக்கவைக்கப் பிறந்ததுதான் ஆளை அடைக்கும் க்யூபிக்கிள் ஆயிற்று. கடைசிக் காலத்தில் மனிதர் நொந்துபோய்ப் பேசினார் என்று படித்தபோது அவர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. நல்ல எண்ணத்தில் ஒரு ஸ்டூல் வாங்கிப்போட்டால் அடுத்த நாள் அதன்மேல் இஸ்திரித் துணி ஏறி உட்காரும் வீட்டில் வாழ்கிறவள் நான்.

வேலை ஆரம்பமானது. சாமானெல்லாம் ஹாலுக்கு வந்தது. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் வீடு முழுக்க வெள்ளைப் பொடி. சாம்பார்கூட ஒரு நாள் வெளிறித்தான் இருந்தது. நிறம் என்னவென்பதில் மூன்று கட்சி. எனக்கு மயில் பச்சை, கணவருக்கு ஆஃப் ஒயிட், ஆறாம் வகுப்புப் பையனுக்குக் கறுப்பு. பெயின்டர் தீர்ப்புச் சொன்னார்: "பச்சை அடிச்சா மூஞ்சி வெளிறித் தெரியும். கறுப்பு அடிச்சா மூஞ்சி மட்டும்தான் தெரியும். ரெண்டும் உங்களுக்குச் சரிவராது மேடம்." ஆஃப் ஒயிட் ஜெயித்தது. ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருண்டு, போலீஸ் பாதுகாப்பில் பேட்டி கொடுக்கும் சாட்சி போல இருப்பேன் என்று மேஜை வைக்கும் இடத்தையும் அவரே மாற்றிக்கொடுத்தார்.

பிரைமர் காய்ந்துகொண்டிருந்த நாட்களில்தான் நடனம் உள்ளே நுழைந்தது.

அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை நுழைந்திருந்தது. சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். "தினமும் நடக்கறீங்களா?" "நடக்கறேன் டாக்டர்." "எங்கே?" அடுப்படியிலிருந்து லேப்டாப்புக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது, "வீட்டுப் பக்கம்தான்" என்றேன். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாளுக்குப் பிரித்தால் 22 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சீரியலின் விளம்பரம் நீங்கலான பகுதி. ஆனால் எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் ஜும்பா வகுப்பு காலை ஆறு மணிக்கு. நான் ஷிஃப்ட் முடித்து லேப்டாப்பை மூடுவதே ராத்திரி பத்தரை. அதனால் காலை பதினோரு மணி ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். வீட்டில் ஆடுவதற்கு இடம் வேண்டுமே என்று தேடியபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ஸ்டோர் ரூமின் தரையைப் பார்த்தேன். முழுத் தரை. நல்ல டைல்ஸ் போட்டிருக்கிறார்கள்.

ஜும்பாவே ஒரு மறதியில் பிறந்தது. கொலம்பியாவில் காலி என்ற நகரத்தில் ஆல்பெர்ட்டோ பெரெஸ் என்கிற ஏரோபிக்ஸ் மாஸ்டர், தொண்ணூறுகளில் ஒரு நாள் வகுப்புக்கு வழக்கமான பாட்டு கேசட்டை எடுத்துவர மறந்துவிட்டார். கையிலிருந்தது சல்சாவும் மெரெங்கேயும் பதிந்த சொந்தக் கேசட். அதைப் போட்டு, வாய்க்கு வந்ததைப் பாடுவதுபோல் காலுக்கு வந்ததை ஆடினார், கூட்டம் சொக்கிவிட்டது. 2001-இல் அமெரிக்காவில் இன்னும் இரண்டு ஆல்பெர்ட்டோக்களைச் சேர்த்துக்கொண்டு கம்பெனி ஆரம்பித்தார். மூன்று பேருக்கும் ஒரே பெயர். மறதிக்காரருக்கு அதுவும் ஒரு வசதி. நானும் எத்தனையோ மறந்திருக்கிறேன். பால் பொங்கியதைத் தவிர வேறு எதுவும் பொங்கவில்லை.

பயிற்சி தந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். திரையில் அவள் வலது பக்கம் போனால் நான் வலதா இடதா என்பது முதல் வாரம் முழுக்கப் பெரிய தத்துவப் பிரச்சினை. மெரெங்கே பரவாயில்லை, பள்ளிக்கூடத்து மார்ச் பாஸ்டில் இடுப்பைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் போதும். சல்சாதான் சோதித்தது. எட்டு எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்றுக்குக் கால் வைக்க வேண்டும், நான்கில் நிற்க வேண்டும். ஐந்து, ஆறு, ஏழு, மறுபடி எட்டில் நிற்க வேண்டும். நிற்பதுதான் கஷ்டம். மாநகரப் பஸ்ஸில் ஓடி ஏறிப் பழகிய கால் நான்கில் எப்படி நிற்கும்? பையன் கதவருகே சாய்ந்து நின்று, "அம்மா, நீ எட்டையும் மிதிக்கிற" என்று கிரிக்கெட் வர்ணனை கொடுத்தான். "சிரிங்க ஆன்ட்டி, சிரிங்க!" என்று திரையில் அந்தப் பெண் கத்தினாள். மூச்சு, கால், எண்ணிக்கை மூன்றையும் பிடித்துக்கொண்டு சிரிப்பையும் பிடிக்க எனக்கு நான்காவது கை இல்லை.

வகுப்பின் கடைசியில் அவள் ஒரு குத்துப்பாட்டைப் போட்டாள். அவ்வளவுதான். திரையில் சின்னச் சின்னச் சதுரங்களில் அதுவரை விறைத்து நின்ற அத்தனை பெண்களுக்கும் தோள் இறங்கியது, முழங்கால் மடங்கியது, துப்பட்டா இடுப்புக்கு வந்தது. யாரும் எண்ணவில்லை. ஊர்த் திருவிழாவில் சாமி முன்னால் அடிக்கும் பறையைத் தூரத்தில் நின்று "அங்கெல்லாம் போகக் கூடாது" என்று கேட்டே வளர்ந்தவர்கள் எங்களில் பாதிப்பேர். கேட்டது வீண்போகவில்லை, உடம்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறது. காலி அறையில் அந்த அடி நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. நான் ஆடிய ஆட்டத்தில், கீழ் ஃப்ளாட் மாமி தன் சீலிங் ஃபேன் ஆடுவதாக இன்டர்காமில் சொன்னார். பூகம்பமா என்று கேட்டார். இல்லை மாமி, நான்தான் என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

சிக்கல் அதற்கப்புறம்தான். அலங்காரம் என்றால் அறையை நிரப்புவது. ஆட்டம் என்றால் காலி செய்வது. இரண்டு ஆசையையும் ஒரே மாதத்தில் ஒரே அறையில் வளர்த்துவிட்டேன். ஆர்டர் பண்ணியிருந்த எல் வடிவ மேஜை வந்து இறங்கியது. படம் பார்த்துப் பூட்டியதில் ஐந்து திருகாணி மிச்சம். மேஜை போட்டதும் வலது பக்கச் சல்சா நின்றுபோனது. சுழல் நாற்காலி வந்ததும் இடது பக்கமும் நின்றது. மெரெங்கே மட்டும் ஆடலாம், அதுவும் நின்ற இடத்தில். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு மேஜையைத் திருப்பி அனுப்பிவிட்டு, தச்சரை வரவழைத்துச் சுவரில் கீல் வைத்து ஒரு மடக்குப் பலகை அடிக்கச் சொன்னேன். ஷிஃப்டுக்கு முன்னால் இறக்கிக்கொள்ளலாம், ஆடும்போது தூக்கிவிடலாம். "இஸ்திரி போடவும் வசதி" என்றார் தச்சர். அந்தச் சொல்லை அவர் என் மாமியார் காதில் விழும்படி சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூம் சுவர் என்னவோ அழகாக அமைந்தது. ஆஃப் ஒயிட் பின்னணி, சின்னப் பலகையில் பித்தளைப் பிள்ளையார், மணி பிளான்ட், நிஜமாகவே நான் படித்த இரண்டு புத்தகங்கள். முதல் மீட்டிங்கில் எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றார்கள். காரணம் எளிது. வெறும் சுவரும் டைல்ஸும் சத்தத்தை வாங்காமல் திருப்பி அடிக்கும்; துணி, மூட்டை, காகிதக் கட்டு மாதிரி மெத்தென்ற சாமான் அதைக் குடித்துக்கொள்ளும். அதாவது ஸ்டோர் ரூமாக இருந்தபோது அது அருமையான ரெக்கார்டிங் ஸ்டூடியோ. தெரிந்திருந்தால் வாடகைக்கு விட்டிருப்பேன்.

மாமியாருக்கு இந்த அறிவியல் உடனே விளங்கியது. மறுநாளே கொடி ஏறியது. மாமனாரின் பேப்பர் கட்டுகள் "எக்கோவுக்காக" ஒவ்வொன்றாகத் திரும்பின. அரிசி மூட்டைக்கும் அதே காரணம் சொல்லப்பட்டது. மிக்ஸிப் பெட்டிக்குக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை, அது தானாக வந்துவிட்டது. எல்லாமே கேமராவில் படாத மூன்று சுவர்ப் பக்கம். நடுவில் ஆடுவதற்கு மட்டும் இடம் விட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒரு பாய் அகலம் எனக்கு. என் குரலும் தெளிந்துவிட்டது.

போன மாதம் ஆபீஸில் ஆரோக்கிய வாரம் கொண்டாடினார்கள். நமக்கு ராத்திரி ஒன்பதரை, ஓஹையோவில் நடுப்பகல். மனிதவளத் துறைப் பெண் உற்சாகமாக அறிவித்தாள்: "எல்லாரும் கேமரா ஆன் பண்ணுங்க, சேரைத் தள்ளிட்டு எழுந்து நில்லுங்க, பத்து நிமிஷம் டான்ஸ்!" அடுத்த நொடி வரிசையாகச் சதுரங்கள் கறுத்தன. ஒருவருக்கு நெட் போயிற்று. ஒருவருக்குக் கரண்ட். எங்கள் டீம் லீடர் வீட்டில் காலிங் பெல் அடித்ததாம், உடனே திறந்தாக வேண்டுமாம். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி என்பது ஐ.டி. தொழிலின் எழுதாத சட்டம். அதை மீறி யார் எழுந்து நிற்பார்கள்?

கடைசியில் திரையில் மிஞ்சியது மூன்று பேர்: ஹெச்.ஆர். பெண், ஓஹையோ கிளையன்ட், நான். காலை வகுப்புக்குப் போட்ட பேன்ட் இன்னும் காலில் இருந்ததால் எழுந்துவிட்டேன். முழு உருவமும் தெரிய வேண்டுமே என்று லேப்டாப்பைத் தூக்கி அரிசி மூட்டைமேல் வைத்தேன். அறையின் மறுபாதி அப்படியே அமெரிக்காவுக்குப் போனது. கொடியில் இரண்டு பெட்ஷீட், மாமியாரின் சுங்குடிப் புடவை, பையனின் யூனிஃபார்ம், மாமனாரின் எட்டு முழ வேட்டி.

ஆடத் தொடங்காமல் கிளையன்ட் திரைக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தார். "அந்தத் துணியெல்லாம் எதிரொலியைத் தடுக்கத்தானே? நீங்கள் பேசுவது மட்டும் ஏன் இவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது என்று நான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதை யார் வடிவமைத்தது?"

மாமியார் என்றேன்.

அடுத்த வாரம் அவருக்குப் பின்னால் ஒரு கயிற்றில் கம்பளி தொங்கியது. கிளிப் போடவில்லை. மீட்டிங் பாதியில் அது சரிந்து அவர் தலையில் விழுந்தது.