திண்டிவனத்தில் காளைப்பாம்பு வளர்க்க விரும்புவோருக்கு

முதலில் பெயர். 'புல் ஸ்நேக்' வாங்கப்போகிறேன் என்று வீட்டில் சொல்லுங்கள். ஏதோ புல்லில் கிடக்கும் பாம்பு என்று நினைத்து ஆயா சும்மா இருந்துவிடும். அந்தப் 'புல்'லுக்கு ஆங்கிலத்தில் காளை என்று பொருள் என்பதையெல்லாம் விளக்கப் போகாதீர்கள். அதன் பங்காளி 'பைன் ஸ்நேக்'. இந்தப் பெயரைக் கேட்டதும் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார், "ஃபைன் எவ்வளவு போடுவாங்க தம்பி?" என்பார். நியாயமான கேள்விதான், பிறகு வருகிறேன்.

இரண்டும் அமெரிக்கப் பாம்புகள். விஷம் கிடையாது, ஆறடிக்கு மேலும் வளரும், எலியைச் சுற்றி நெரித்துத் தின்னும். பைன் பாம்பு மணற்பாங்கான பைன் காடுகளில் வாழ்வது. மணலைத் தானே தோண்டி முட்டையிடும். ஆகவே மணல் வேண்டும். தென்பெண்ணையில் ஒரு சாக்கு மணல் அள்ளிப் பாருங்கள், பாம்பு வளர்ப்பதைவிடப் பெரிய வழக்கு எது என்று தெரியும். மரத்துக்குத் திருவக்கரை போகலாம். ஆனால் அங்கே கிடப்பவை இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பே கல்லாகிப்போனவை.

அடுத்து இனப்பெருக்கம். இந்தப் பாம்புகள் குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் தூங்கி எழ வேண்டும். மார்கழிக்கே மப்ளர் சுற்றிக்கொள்ளும் ஊர் நம்முடையது. அந்த மார்கழி இந்தப் பாம்புக்குச் சித்திரை. எனவே ஃபிரிட்ஜ்தான் கதி. கீழ்த்தட்டில், கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில், மூடியில் ஓட்டை போட்ட டப்பா. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்கும் நாளில் பாம்புக்கு வசந்தம் வந்துவிடும். அன்று சாம்பாருக்குக் கொத்தமல்லி எடுக்கப்போவது யார் என்பதை முன்கூட்டியே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

சத்தம் இன்னொரு சங்கதி. காளைப்பாம்பின் குரல்வளை வாசலில் மெல்லிய தகடு போல ஒன்று இருக்கிறது. மூச்சை வெளியே தள்ளும்போது அது அதிர, உடம்புக்குப் பொருந்தாத சீற்றம் வரும். கூடவே வாலைச் சருகில் அடித்துக் கிலுகிலுப்பைப் பாம்பு மாதிரி மிரட்டும். மிரட்டல் பலிக்காமல் போவதில்லை, அளவுக்கு மீறிப் பலித்துவிடுகிறது: அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்பென்று நினைத்தே இதை அடித்துக் கொல்கிறார்கள். விழுப்புரத்திலோ, பழுப்பு உடம்பு, கரும்புள்ளி, குக்கர் விசில் போலச் சீற்றம் என்றால் கண்ணாடி விரியன்தான். 'இது ஃபாரின் அயிட்டங்க' என்று நீங்கள் வாய்திறப்பதற்குள் தெருவே தடியோடு வந்து நிற்கும்.

இனி வாங்குவது. பாங்காக்கிலிருந்து துணிகளுக்கு நடுவே பாம்பைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள் மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரிகளிடம் பெட்டியைத் திறந்து காட்டிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. சரி, நம்மூர்ப் பாம்பையே பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்றால், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. தாசில்தாருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வளர்த்துச் சலித்தால் என்ன செய்வது? இந்த அத்தியாயத்தை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் படிப்பதில்லை. ஃபுளோரிடாவில் ஆசையாக வாங்கிய பர்மா மலைப்பாம்புகள் வீட்டுக்கு அடங்காமல் வளர்ந்ததும் சதுப்புநிலத்தில் விட்டுவிட்டார்கள். அவை பெருகி அங்கிருந்த முயலையும் ரக்கூனையும் தின்று தீர்த்தன. கடைசியில் 2017-இல் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இருவரை, மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும், விமானம் ஏற்றி வரவழைத்தார்கள். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகள்; அதில் ஒன்று பதினாறடி. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அந்த ஊர்க்காரர்களின் பொழுதுபோக்கைச் சுத்தம் செய்ய நம்மூர்த் தடம் பார்க்கும் கண் வேண்டியிருந்தது. ஒருகாலத்தில் இருளர்கள் பிடித்த பாம்புகள் தோலாகிக் கப்பலேறின. அந்த வியாபாரம் நின்றபின், 1978-இல் வடநெம்மேலியில் அவர்களுக்கான கூட்டுறவுச் சங்கம் வந்தது. இப்போது விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைக் காட்டிலேயே விடுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆசை தீரவில்லையா? எங்கள் வீட்டு முறை ஒன்று இருக்கிறது, செலவில்லாதது. பின்கட்டில் பத்து மூட்டை மல்லாட்டையை (நிலக்கடலைதான்) அடுக்குங்கள். ஒரே வாரத்தில் எலி வரும். எலி வந்தால் சாரை வரும். கூண்டு, மணல், ஃபிரிட்ஜ் எதுவும் வேண்டாம். இதற்கும் விஷமில்லை, இதுவும் ஆறடி தாண்டும், மிரட்டினால் கழுத்தைப் புடைத்துக்கொண்டு நாய் மாதிரி உறுமும். காளைப்பாம்பின் அத்தனை குணமும் உள்ளூர் விலையில்.

இனப்பெருக்கமும் அதன் பாடு. ஒருநாள் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு ஆளுயரம் எழும்பும். சாரையும் நல்லபாம்பும் கூடுகின்றன என்று ஊர் சொல்லும். வெள்ளைத்துணியை மேலே போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் பணம் சேரும் என்று யாராவது ஓடிவருவார்கள். அது கூடலே அல்ல, இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். என் வேட்டி ஒன்று அப்படிப் போய்ச் சேர்ந்தது. பணம் இன்னும் வரவில்லை.

தடியோடு வருகிறவரை உட்காரவைத்து டீ கொடுங்கள். குடித்து முடிப்பதற்குள் சாரை கிணற்றடியைத் தாண்டியிருக்கும்; அவ்வளவு வேகம்.

சென்ற மாதம் மூட்டைகளுக்கு இடையே சட்டை உரித்துப் போட்டிருந்தது. அளந்தேன், ஆறேகால் அடி. உரித்த சட்டை நீளும் என்பதால் கொஞ்சம் தள்ளிக்கொள்ளலாம். மறுநாள் வியாபாரி வந்து மல்லாட்டைக்கு நல்ல விலை சொன்னார். பாம்பைப் பார்த்த முதல் நாள் மண்ணெண்ணெய் தேடிய ஆயா, உள்ளேயிருந்து குரல் கொடுத்தது:

"இப்ப மூட்டைய விக்காதடா. அது எங்க போவும்?"