வலிக்குதுன்னா அவளைப் பாரு, போனைப் பாக்காதே

இன்னா நைனா, வூட்டுக்காரிக்கு அஞ்சாம் மாசமாமே? ரொம்ப சந்தோசம். நேத்து ராத்திரி அவ வயிறு வலிக்குதுன்னாளாம். நீ அவ மொகத்தைப் பாத்தியா, போனைப் பாத்தியா? போனைத்தான் பாத்திருப்பே. அது இன்னா சொல்லிச்சு? மொதல்ல வெறும் காஸுன்னுச்சு. அப்பால உயிருக்கே ஆபத்துன்னுச்சு. கடைசியில வயித்துல தடவுற எண்ணெய் ஒண்ணை வித்துச்சு. நீ எண்ணெய்க்கு ஆர்டர் போட்டுட்டுக் கொறட்டை விட்டே. அவ விடிய விடிய முழிச்சிக்கினு கெடந்தா.

அந்தப் போன்ல இன்னொரு கூத்து. பாப்பா இந்த வாரம் அவகாடோ சைசாம். ஏண்டா, நம்ம ஜவ்வாது மலையில பலா வெளையுது, சாமை வெளையுது. அவகாடோவை நீ கண்ணால பாத்திருக்கியா? பாக்காத பழத்தை வெச்சு பாக்காத புள்ளையை அளக்கறியே, உன் கணக்கு வாத்தியார் கேட்டா சந்தோசப்படுவாரு.

வேலூர்லேர்ந்து புருசன் பொண்டாட்டியா காரு போட்டுக்கினு நம்ம ஊரு அமிர்திக்கு வராங்க. மான் பாக்கவான்னு நெனைச்சேன். இல்லியாம், போட்டோ புடிக்கவாம். எட்டு மாச வயித்தோட அந்தப் பொண்ணைப் பாசி புடிச்ச பாறை மேல நிக்க வெச்சு, தரையைக் கூட்டுற கவுனை மாட்டி, "சிரிம்மா, சிரி"ங்கறான் கேமராக்காரன். புருசன் பக்கத்துல நின்னு வயித்தைத் தொட்டுக்கினு வானத்தைப் பாக்கறான். கீழ பாருடா! அவ கால் வழுக்குது. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வளைகாப்புக்குக் கலவை சாதமும் கண்ணாடி வளையலும் பத்தாதா?

சரி, கிண்டல் இருக்கட்டும். வயிறு ஏன் வலிக்குது? புள்ளை வளருது, கர்ப்பப்பை விரியுது. அதைத் தாங்கிப் புடிக்கிற நாரு இழுபடுது. திரும்பிப் படுத்தா, இருமினா, வெடுக்குனு எழுந்தா அடிவயித்து ஓரம் சுருக்குங்குது. கொஞ்ச நேரம் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தா அடங்கிடும். சத்து மாத்திரை சில பேருக்கு மலச்சிக்கல் பண்ணும், அதுவும் வலிக்கும். அதுக்காக மாத்திரையைத் தூக்கிக் கெடாசக் கூடாது. கீரை, பழம், தண்ணி, கொஞ்சம் நடை. அப்பவும் தீரலைன்னா நர்ஸம்மாவைக் கேளு.

நீ இன்னா பண்றே? "ரெண்டு உயிருக்குத் துன்னணும்"னு ராத்திரி பத்து மணிக்கு ஆம்பூர் பிரியாணியைக் கத்தரிக்கா தொக்கோட முன்னாடி வெக்கறே. உள்ள இருக்கிற உயிரு எம்மாத்தம்? அதுக்குத் தனி இலை போடச் சொல்லுச்சா? அப்பால வயிறு உப்பிக்குச்சுன்னா போனைத் தொறக்கறே.

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்குப் போற பொண்ணுங்களைக் கேட்டுப் பாரு. எழுந்து போனா வேலை நின்னு போயிடும்னு ஒண்ணுக்கை அடக்கிக்கினே ஒக்காந்திருக்கும். போவ வேண்டி வருமேன்னு தண்ணியும் குடிக்காது. அதுவும் வேலூர் வெயில்ல! அப்பால நீர்க்கடுப்பு, அடிவயித்து வலி. "சூடு, மோர் குடி"ம்பா மாமியா. மோர் நல்லதுதான். ஆனா உள்ள கிருமி இருந்தா மோருக்குப் பயந்து ஓடாது. அது கிட்னி வரைக்கும் ஏறும், குளிர் ஜுரம் வரும், மாசம் நெறையாம வலி எடுக்கவும் வெச்சிடும். ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு மூத்திர டெஸ்ட்டு எடுத்தா தெரிஞ்சு போவும். முத்துலட்சுமி ரெட்டி அம்மா பேர்ல கர்ப்பிணிங்களுக்கு 18,000 ரூபா அரசு உதவி இருக்குதுன்னா மட்டும் அந்த வாசல்ல மொத ஆளா நிக்கறே இல்லே? டெஸ்ட்டுக்கும் அதே வாசல்தான்.

இப்ப இன்னொரு சாதி கெளம்பியிருக்குது. "எங்க பாட்டி கழனியில களை எடுத்துக்கினே பெத்தா, ஆஸ்பத்திரி எதுக்கு?"ங்கும். பாட்டி பத்து பெத்தா, சரி. எத்தினி தங்குச்சுன்னு கேட்டியா? பெத்தவளே தங்காத வூடு எத்தினின்னு கேட்டியா? அந்தக் காலத்துல திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு ஆம்பளைங்க ஒரு வெள்ளைக்கார டாக்டரு வூட்டுக் கதவைத் தட்டுனாங்க. மூணு பேர் பொண்டாட்டிக்கும் பிரசவம் சிக்கல். ஆம்பளை டாக்டரு தொடக் கூடாதுன்னுட்டாங்க. அவரு பொண்ணு ஐடா ஸ்கடர் அப்ப டாக்டருக்குப் படிக்கலை. விடிஞ்சா அந்த மூணு பொம்பளைங்களும் செத்துட்டாங்க. அந்தப் பொண்ணு அமெரிக்கா போயி டாக்டரா 1900ல திரும்பி வந்துச்சு. 1902ல வேலூர்ல ஆஸ்பத்திரி, 1918ல பொம்பளைங்களுக்கு மருத்துவப் பள்ளி. இன்னிக்கு நாடே தேடி வர சிஎம்சி ஆஸ்பத்திரி அப்படி வளந்ததுதான். வெளியூர்க்காரன் ரயிலேறி நம்ம வேலூருக்கு வரான். நீ பக்கத்துல இருந்துக்கினு பாட்டி கதை சொல்றே. 2018ல திருப்பூர்ல யூடியூப் பாத்து வூட்லயே பிரசவம் பண்ணப் போயி ஒரு பள்ளிக்கூட டீச்சர் ரத்தம் போயே செத்துச்சு. புள்ளை பொழைச்சுது. அதுல கிண்டல் பண்ண எனக்கு ஒண்ணுமில்லே.

அதனால காதைத் தீட்டிக்கினு கேளு. நாள் தள்ளிப்போயி ஒண்ணு ரெண்டு மாசத்துல ஒரு பக்கமா வலிச்சு, மயக்கம் வந்து, தோள்பட்டையும் வலிச்சா, கரு கர்ப்பப்பைக்கு வராம கொழாயிலயே தங்கியிருக்கலாம். கொழாய் வெடிச்சா உள்ளயே ரத்தம் கொட்டும். அஞ்சு மாசத்துக்கு மேல, விலாவுக்குக் கீழ மேல்வயிறு வலிச்சு, தலையும் வலிச்சு, கண்ணு மங்குனா பிபி ஏறியிருக்கலாம். அதைக் காஸுன்னு நெனைச்சு கோலி சோடா ஒடைக்கிற ஆளுங்களைப் பாத்திருக்கேன். வயிறு கல்லாட்டம் கெட்டியா ஆயி வலி வுடாம இருந்தா, நச்சுக்கொடி பிரிஞ்சிருக்கலாம். வெளியே ரத்தம் தெரியலைன்னாலும் உள்ள போவும். பாறையில வழுக்கி வுழுந்தவளுக்கும் அது நடக்கும், அடி படலைன்னு சும்மா வுடாதே. 37 வாரம் முடியறதுக்கு முன்னாடி வலி வுட்டு வுட்டு நேரம் வெச்சாப்பல வந்தாலும், எந்த மாசமா இருந்தாலும் தண்ணி ஒழுகினாலும், ரத்தம் பட்டாலும், ஜுரம் அடிச்சாலும், புள்ளை தெனம் ஒதைக்கிற மாதிரி ஒதைக்கலைன்னாலும் கெளம்பிடு. கசாயம் கொதிக்கட்டும்னு ஒக்காராதே. தாயத்து வேணும்னா வண்டியில ஏறினப்பறம் கட்டு.

நம்ம ஊரு டவுன் இல்லே. வேலூரு இருபத்தஞ்சு கிலோமீட்டரு. நாகநதி தாண்டி, கணியம்பாடி தாண்டினாத்தான் அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரி. மேல மலைக் கிராமத்துல ரோடு இல்லாத எடத்துல இன்னமும் டோலி கட்டித் தூக்கிக்கினு எறங்கறாங்க. வேற வழியில்லாதவன் தோள் குடுக்கறான். ரோடு இருக்கிற நீ ஏன் "விடியட்டும் பாக்கலாம்"ங்கறே? 2008லேர்ந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுது. ராத்திரியும் ஓடும். ஆஸ்பத்திரியில ஒண்ணுமில்லேன்னு திருப்பி அனுப்பினா வெக்கப்படாதே. ஒண்ணுமில்லேன்னு சொல்றதுக்கும் படிச்சவங்கதான் வேணும்.

போ, இப்பவே நர்ஸம்மா நம்பரை வாங்கி செவுத்துல எழுது. ராத்திரியில அவசரத்துக்கு யார் வூட்டு ஆட்டோ வரும்னு பேசி வை. தாய் சேய் அட்டை, ரெண்டு பொடவை, கொஞ்சம் காசு, ஒரு பையில போட்டு வாசலண்ட மாட்டு. புள்ளைக்கு வாயில நொழையாத பேரு தேடுறதை அப்பால வெச்சுக்கோ.