கிழவன் வளர்ப்பு

பேரன் குப்புற விழுந்தா போட்டோ. பல் முளைச்சா போட்டோ. எழுந்து நின்னா, தத்தித் தத்தி நடந்தா, சுவத்துல கிறுக்கி வெச்சாக்கூட உடனே வாட்சாப்புல ஏத்தி, ஈப்போ சின்னம்மாவுல இருந்து சிங்கப்பூர் சித்தப்பா வரைக்கும் கைதட்டல். ரொம்ப சந்தோஷம் தம்பிகளா. ஆனா போன மாசம் குளியலறை வாசல்ல நான் குப்புற விழுந்தேனே, யாராவது ஒரு போட்டோ எடுத்தீங்களா? எனக்கும் அது முதல் தடவைதான்.

முதல் கைத்தடி, முதல் பல்செட்டு, ஏடிஎம் நம்பரை மகன்கிட்ட ஒப்படைச்ச முதல் நாள், முதல் பெம்பெஸ். இதெல்லாம் குடும்பத்துல விசேஷம் இல்லையா? பசார் பக்கத்துக் கடையில கீழ்த் தட்டுல இருக்கிறது பேரனோட பெம்பெஸ், மேல் தட்டுல இருக்கிறது என்னோடது. அவனோடதைத் தூக்கி மோட்டார் முன்னாடி வெச்சு ஊர்வலமா வர்றீங்க. என்னோடதுக்கு மட்டும் கறுப்புப் பை கேக்குறீங்க. தைப்பிங்ல யாருக்குத் தெரியாது? எதிர் வீட்டுக் கிழவனும் அதே சைஸ்தான்.

கோயில் மண்டபத்துல மைக் கிடைச்சா எல்லாரும் ஒரே பாட்டுத்தான். பெத்தவங்களைக் கடைசி வரைக்கும் வெச்சுக் காப்பாத்துறது நம்ம பரம்பரைப் பழக்கமாம். எந்தப் பரம்பரைய்யா? நம்மளோடது தோட்டத்துப் பரம்பரை. லயத்துல கிழம் ஆகுறதே ஒரு அதிசயம். காடு வெட்டி ரப்பர் கன்னு நட்ட காலத்துல மலேரியா முந்திக்கிட்டு வந்து ஆளைத் தூக்கிட்டுப் போச்சு. கிள்ளான்ல டாக்டர் மால்கம் வாட்சன்னு ஒரு வெள்ளைக்காரர் 1901-ல வந்து, சதுப்பை வடிச்சு, கொசுவுக்கு இடமில்லாம பண்ணினதுக்கு அப்புறம்தான் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. அது தோட்டம் தோட்டமாப் பரவுறதுக்குள்ள எத்தனையோ குடும்பம் காலி. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல வரிசையா நிக்க வெச்சு, கொயினா தண்ணியை வாயில ஊத்தி, முழுங்கியாச்சான்னு வாயைத் திறந்து பார்ப்பாங்களாம்.

அதுக்கும் தப்பிச்சு வயசாயிட்டா? 1907-ல தமிழர் குடியேற்ற நிதின்னு ஒண்ணு வெச்சாங்க. ஊர்ல இருந்து ஆளைக் கொண்டுவர கப்பல் காசு அதுல இருந்துதான். வேலைக்கு ஆகாதவங்களைத் திருப்பி அனுப்புற காசும் அதுல இருந்தேதான். கை நடுங்கினா கப்பல். 1930-கள்ல ரப்பர் விலை விழுந்தப்போ, கை நடுங்காதவங்களையும் சேர்த்து ஏத்தி அனுப்பினாங்க. அப்புறம் ஜப்பான்காரன். 1942, 43-ல சயாம் ரயில் போடப் போன ஆம்பளைங்க எந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாங்க, எந்த வீட்டுக்கு வரலன்னு இந்தப் பக்கத்துக் குடும்பங்களைக் கேளுங்க. அதுக்கும் பிறகு வயசாகி வேலையை விட்டா, லயத்து வீட்டையும் காலி பண்ணணும்.

ஆக, கிழவனை வீட்டுல வெச்சுப் பார்க்கிற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு ரொம்பப் புதுசு. பரம்பரை பரம்பரையாத் தெரிஞ்ச மாதிரி நெஞ்சை நிமித்தாதீங்க. ஊருக்கு ஆளை ஏத்திட்டுப் போன ரஜூலா கப்பல் 1973-லயே ஓட்டத்தை நிறுத்திருச்சு. அதுக்குப் பின்னாடி வந்த சிதம்பரம் கப்பல் 1985-ல தீப்பிடிச்சதோட சரி. என்னை ஏத்தி அனுப்ப இப்போ கப்பல் கிடையாது. வேற வழியே இல்ல, நீங்கதான் பார்த்தாகணும்.

கிழத்தைப் பார்க்கத்தான் ஏற்பாடு இல்ல, பிள்ளைங்களைப் பார்க்கிறதுக்குத் தோட்டத்துல ஒண்ணு இருந்துச்சு. ஆயாக் கொட்டாய். பால் மரம் வெட்ட உடம்பு ஒத்துக்காத கிழவி ஒருத்தியை ஆயாவா உட்கார வெச்சிருப்பாங்க. விடியறதுக்கு முன்னாடி இருட்டுலயே தாய்மாருங்க கைக்குழந்தையைப் போர்த்தித் தூக்கிட்டு வந்து விட்டுட்டு பெரட்டுக்கு ஓடுவாங்க. உத்தரத்துல வரிசையா சேலைத் தொட்டில். எந்தத் தொட்டில்ல அழுகை வந்தா பசி, எதுல வந்தா எறும்புன்னு அந்தக் கிழவிக்குக் காதாலயே தெரியும். கங்காணி பிள்ளையும் அங்கதான், கக்கூஸ் கழுவுறவன் பிள்ளையும் அங்கதான். பால் மரத்துல இருந்து திரும்பி வந்தா பொம்பளைக்கு அடுத்த வேலை அடுப்படி. ஆம்பளைக்குக் கள்ளுக்கடை. பார்த்துக்கிறது பொம்பளை வேலைன்னு அன்னிக்கே முத்திரை குத்தியாச்சு. தோட்டம் போயி தாமான் வந்துச்சு, பால் மரம் போயி செம்பனை வந்துச்சு. அந்த முத்திரை மட்டும் அழியவே இல்ல.

பிள்ளை விஷயத்துல மட்டும் இப்போ கொஞ்சம் மங்கியிருக்கு. என் மருமக பிரசவத்தையே எடுத்துக்குங்க. என்கூட இருக்கிற மகன்காரன் ஒரு வாரம் லீவு போட்டுப் பம்பரமா ஆடினான். பால் ஊற பால்சுறாப் புட்டு வேணும்னு கோலா செப்பெத்தாங்குக்கே போயி மீன் வாங்கிட்டு வந்தான். அந்த ஊர் பழைய போர்ட் வெல்ட்தான். மலாயாவோட முதல் ரயிலே 1885-ல தைப்பிங்ல இருந்து அங்கதான் போச்சு. தண்டவாளத்தைப் பேர்த்து எவ்வளவோ காலமாச்சு, சுறா மட்டும் இன்னும் ஒழுங்கா வந்துக்கிட்டிருக்கு. பிறந்த அன்னிக்கு பிசிஜி, அப்புறம் 2, 3, 5 மாசத்துல ஊசி, 9 மாசத்துல ஒண்ணுன்னு கிளினிக் புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு தேதி தவறாமப் போயிட்டு வந்தான். மெச்சிக்கிறேன். எனக்கும் கிளினிக்ல ஒரு புத்தகம் குடுத்திருக்காங்க, இனிப்பு நீருக்கு. அது டிவி பெட்டி மேல இருக்கு, ரிமோட்டுக்கு அடியில. ரிமோட்டை எடுக்கும்போதாவது ஒரு நாள் திறந்து பாருங்க.

இனிப்பு நீர்னதும் ஞாபகம் வருது. 2019-ல சுகாதார அமைச்சு நாடு முழுக்க ஆய்வு எடுத்துச்சு. பெரியவங்கள்ல 100-க்கு 18.3 பேருக்குச் சர்க்கரை. சீனங்க 15, மலாய்க்காரங்க 22, நம்ம ஆளுங்க 31.4. எஸ்பிஎம் பரீட்சையில வாங்காத முதலிடத்தை இதுல வாங்கிட்டோம். ஒரு பாராட்டு விழா வெச்சிரலாம், தேத்தண்ணி நான் ஏற்பாடு பண்றேன். நம்மாளு கடையில உட்கார்ந்து 'தே தாரிக், கூராங் மானிஸ்'னு சத்தமாச் சொல்லுவான், பக்கத்து மேசைக்குக் கேக்கணும்ல. பின்னாடியே ரெண்டு ரொட்டி சானாய், ஒரு செண்டோல்.

40 வயசைத் தாண்டின வசதி குறைஞ்சவங்களுக்கு, 2019-ல ஆரம்பிச்ச பெக்கா பி40 திட்டத்துல ரத்தம், பிரஷர் எல்லாம் காசு வாங்காமப் பார்க்கிறாங்க. போனியாடான்னு கேட்டா நேரமில்லைங்கிறான். சனிப்பெயர்ச்சிக்கு ஜாதகம் பார்க்க மட்டும் அரை நாள் வரிசையில நிப்பான். உங்க சனி இடுப்பைச் சுத்தித்தான் உட்கார்ந்திருக்கு தம்பி, பெல்ட்டுல புது ஓட்டை போடும்போது தெரியலையா?

சரி, வெளியூர் மகன்களோட பாசத்துக்கு வருவோம். தீபாவளிக்கு வரும்போது பெரியவன் ஒரு பிரஷர் மிஷின் கொண்டு வந்தான். சின்னவனும் ஒண்ணு கொண்டு வந்தான், இன்னும் பெருசா, பேசுற மிஷின். அடுத்த வருஷம் மசாஜ் நாற்காலி. தைப்பிங் மழைக்குத் துணி காயப் போட அதைவிட வசதியான சாமான் கிடையாது. இந்த ஊர்ல எத்தனை மணிக்கு மழை வரும்னு பந்தயம் கட்டின ஆளுங்க உண்டு. உங்க போன் எத்தனை மணிக்கு வரும்னு நானும் கட்டலாம், தோக்கவே மாட்டேன். ஞாயித்துக்கிழமை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். கேள்வி ரெண்டே ரெண்டு: 'சாப்பிட்டீங்களாப்பா? மருந்து போட்டீங்களாப்பா?' மூணாவது கேள்வி இதுவரைக்கும் வந்ததில்ல.

அந்த போனை வெச்சதுக்கு அப்புறம் வீட்டுல என்ன நடக்குதுன்னு சொல்றேன். மருமக கீழே உட்கார்ந்து என் காலைத் தூக்கி மடியில வெச்சுக்குவா. டார்ச் லைட் அடிச்சு, சுண்டுவிரல்ல இருந்து ஒவ்வொரு இடுக்காப் பிரிச்சுப் பார்ப்பா. சர்க்கரைக்காரன் காலுக்கு உணர்ச்சி குறைவு. சிலிப்பருக்குள்ள கல் இருந்தாலும் தெரியாது, ஆணி ஏறினாலும் தெரியாது. இந்த ஈர ஊர்ல விரலிடுக்கு ஊறி வெடிச்சா, அந்த வெடிப்பு வழியா புண்ணு உள்ள போகும். கடைசியில காலையே எடுத்த ஆளுங்க நம்ம தாமான்லயே இருக்காங்க. அதனால துண்டால ஒத்தி ஒத்தி ஈரத்தை எடுப்பா. பாதத்துக்கு எண்ணெய் தடவுவா, விரலிடுக்குல தடவ மாட்டா. கிளினிக் மிஸ்ஸி சொல்லிக் குடுத்தது. கால் கழுவுற வெந்நீர்ல முதல்ல அவ முழங்கையை விட்டுப் பார்ப்பா, ஏன்னா என் கால் சொல்ற சாட்சி செல்லாது. பேரனைக் குளிப்பாட்டுற தண்ணியையும் அதே முழங்கைதான் பார்க்குது. காலையில பெரியவனுக்கு நன்றி சொல்லி மெசேஜ் அனுப்பச் சொல்லுவா, மிஷினுக்கு.

எங்க வீடு மட்டும் இல்ல, மூணாவது வீட்டுல ஒருத்தர் பக்கவாதத்துல படுத்த படுக்கை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடணும், குதிகால் மெத்தையில அழுந்தக்கூடாது, சாப்பாடு குடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைக்கணும். அவரைப் பார்த்துக்கிற வீட்டம்மாவுக்கே 68 வயசு, இடுப்பு வலி. கிளினிக்ல இருந்து வீட்டுக்கே வந்து படுக்கையாளியைப் பார்த்து, வீட்டு ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற ஏற்பாடு இருக்கு. சமூக நல இலாகாவுல, படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பார்த்துக்கிறவங்களுக்கு உதவித்தொகைக்கு மனு போடலாம். மாச மருந்தைத் தபால்லயே வரவழைக்கலாம். இதெல்லாம் பாரம், போன், கம்ப்யூட்டர் வேலை. கோலாலம்பூர்ல ஏசி ரூம்ல உட்கார்ந்தே செய்யலாம். அந்தம்மா பிள்ளைங்க மூணு பேர், மூணும் பட்டதாரி. பாரத்தை நிரப்பினது யாரு தெரியுமா? பக்கத்து வீட்டு வங்காளதேசத்துப் பையன், அவனுக்கு மலாய் நல்லா வரும்.

பெரியவனே, உன்னைத்தான். நீயும் சின்னப் பையன் இல்ல. 2030-ல இந்த நாட்டுல 100-க்கு 15 பேர் 60-ஐத் தாண்டியிருப்பாங்கன்னு சொல்றாங்க, அந்தப் பதினஞ்சுல ஒரு இடம் உனக்கு ஒதுக்கியாச்சு. போன தடவை வந்தப்போ குசினியில தனியா நின்னு ரெண்டு மாத்திரை முழுங்கினதைப் பார்த்துட்டுத்தான் இருந்தேன். உன் பொண்டாட்டிக்கு இப்பவே பயிற்சி குடுக்கலாம்னு நினைக்காதே. உன் மகனைக் கூட்டிட்டு வா, அவன் வேடிக்கை பார்க்கட்டும்.

வர்ற சனிக்கிழமைக்கு, என்கூட இருக்கிற உன் தம்பி பொண்டாட்டியை அவ அம்மா வீட்டுக்கு அனுப்புறேன்னு சொல்லிட்டேன். கோலகங்சாருக்கு இ.டி.எஸ். டிக்கெட்டும் எடுத்தாச்சு. ரெண்டு ராத்திரி தங்கி வருவா. உன் தம்பிக்கு லோரி ஓட்டம் இருக்காம், அவன் அப்படித்தான் சொல்லுவான். டார்ச் லைட்டுக்கு பேட்டரி இங்க இருக்கு. துண்டு, எண்ணெய் எங்க இருக்குன்னு அவளே தாள்ல எழுதி பிரிட்ஜுல ஒட்டிட்டுப் போறா. நீ ஓட்ஸ் எதுவும் வாங்கிட்டு வராதே, போன தீபாவளிது இன்னும் முடியல. நல்ல நகவெட்டி ஒண்ணு மட்டும் கொண்டு வா. நேரா வெட்டணும், ஓரத்தை நோண்டக்கூடாது. என் கட்டைவிரல் நகம் கொஞ்சம் கெட்டி, உன் பிடிவாதம் மாதிரி. கழுவித் துடைச்சு, இளகினதும் மெதுவாத்தான் வெட்டணும்.