டிவிடென்டுக்குப் பதில் ஜாதிபத்திரி

ஒரு கம்பெனியின் பங்கை ஷார்ட் அடித்துவிட்டு, மறுநாளே அதன் நிர்வாகச் சீர்கேட்டை நினைத்து நெஞ்சு பொறுக்காமல் நூறு பக்கத்துக்கு அறிக்கை விடுவார்களே ஹெட்ஜ் ஃபண்ட் கனவான்கள், அவர்களுக்கெல்லாம் ஆதிகுரு ஐசக் லெ மேர். ஆம்ஸ்டர்டாம் வியாபாரி. பிள்ளைகள் 22 பேர். எதையும் சின்ன அளவில் செய்து பழக்கமில்லாத மனிதர்.

1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பங்கு விற்றபோது 85,000 கில்டரைக் கொண்டுபோய்க் கொட்டி, டைரக்டர் நாற்காலியிலும் உட்கார்ந்தார். வினை ஒரு பழைய கப்பல் பயணக் கணக்கில் வந்தது. "செலவெல்லாம் சரி, பில் எங்கே?" என்று சக டைரக்டர்கள் கேட்டார்கள். பில் வரவில்லை. 1605இல் ஐசக் வெளியே. கம்பெனிக்குப் போட்டியாகத் தொழில் செய்யமாட்டேன் என்று எழுதியும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அவர் கையிலிருந்த பங்குகளை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

1609 ஜனவரியில், நாட்டை ஆட்டிவைத்த ஓல்டன்பார்னவெல்ட்டுக்கு ஐசக் ஒரு மனு தட்டினார். அடுத்தவன் காசை அவன் சம்மதமில்லாமல் கம்பெனி அமுக்கி வைத்திருப்பது கொடுங்கோன்மையாம். பில் கொடுக்காதவர் இப்போது கணக்கு கேட்கிறார்!

அதே வருடம் சத்தமில்லாமல் சில கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, கையில் இல்லாத பங்குகளை இன்னொரு தேதியில் தருவதாகச் சொல்லி விற்கத் தொடங்கினார். விலை சரிந்தால் லாபம். சரிவதற்கு வேண்டிய வதந்திகளையும் இந்தக் கும்பலே சப்ளை செய்கிறது என்று டைரக்டர்கள் அலறினார்கள். தங்களுக்காக அல்லவாம், பாவம், பங்கு வைத்திருக்கும் விதவைகளுக்காகவும் அநாதைகளுக்காகவும். 1610 பிப்ரவரியில் அப்படி விற்பதற்கே அரசு தடை போட்டது.

பங்குதாரர்களின் வாயை அடைக்க அதே வருடம் முதல் டிவிடென்ட் வந்தது. முதலுக்கு 75 சதவீதம். ஆகா! ஆனால் காசாக அல்ல, ஜாதிபத்திரியாக. நம் வீட்டுப் பிரியாணிக்கே ரெண்டு இதழுக்கு மேல் போனால் கசக்கிறது. ஆயிரம் கில்டர் போட்டவர் 750 கில்டருக்கான ஜாதிபத்திரியை வைத்துக்கொண்டு எந்தக் குழம்பைத் தாளிப்பார்? சந்தையில் விற்கலாம் என்று போனால், அங்கே மற்ற பங்குதாரர்களும் அதே மூட்டையோடு நிற்பார்கள்.

பத்து வருடம் கழித்துக் காட்டுவதாகக் கம்பெனி தொடக்கத்தில் சொன்ன கணக்கு 1612இலும் வரவில்லை. டைரக்டர்கள் தங்கள் பையை நிரப்பிக்கொள்கிறார்கள் என்று 1622இல் துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. கணக்குப் புத்தகத்தில் பன்றிக் கொழுப்பைத் தடவி நாய்க்குப் போட்டுவிட்டார்கள்போல என்று ஒன்றில் கிண்டல்.

ஐசக் 1624இல் கண்ணை மூடினார். முப்பது வருட வியாபாரத்தில் இத்தனை கில்டர் போச்சு, மானம் மட்டும் போகவில்லை என்று கல்லறையில் தொகையோடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கும் பில் இல்லை.