குடிலுக்குக் கேழ்வரகு

கேள்வி: தருமபுரியில் சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் கிறிஸ்துமஸ் கொண்டாட முடியுமா?

பதில்: தாராளமாக. 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் அமைத்த கிறிஸ்து பிறப்புக் குடிலில் இருந்தவை வைக்கோலும் மாடும் கழுதையும்தான்; தெர்மோகோல் அல்ல. கேழ்வரகு விளையும் தருமபுரியில் அதன் தாளே குடிலுக்குக் கூரை. டிசம்பர் நடுவில் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகைத் தூவினால் பண்டிகைக்குள் பசும்புல் தயார். விழா முடிந்ததும் மாட்டுக்குத் தீனி. பிளாஸ்டிக் புல்லைப் போட்டால் கால்நடை மருத்துவருக்குத்தான் கிறிஸ்துமஸ்! நட்சத்திரத்துக்கு மூங்கில் சிம்பும் வண்ணக் காகிதமும் போதும். பட்டுக்கூட்டுச் சந்தை உள்ள மாவட்டம் இது. அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய, அறுபடாத நீள இழை எடுக்க உதவாத கூடுகளைக் கத்தரித்தால் பரிசளிக்கப் பூமாலை. தின்ன எள்ளுருண்டை. கொடுக்கத் துணிப்பை; பிளாஸ்டிக் பைக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை.