பின்னாடி மட்டும் 225

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு ராஜபாளையம் திரும்பும்போது, பின் சீட்டிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "மாப்பிள்ளை, எனக்குக் கீழே யாரோ உளுந்து அரைக்கிறாங்க."

அரைபட்டது உளுந்தில்லை, வீல் ஆர்ச்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனர். அரைத்தது, நான் காசு கொடுத்து மாட்டிய புது டயர். காருக்குள் ஐந்து பேர், இரண்டு கிலோ பால்கோவா. கீழே, குழாய் பதிக்கத் தோண்டி, பிறகு மூடிவிட்டதாகச் சொல்லப்படும் சாலை. பள்ளத்துக்கு ஓர் ஈடு அரைத்தது.

யோசனை மச்சினனுடையது. "அத்தான், ரிம்மெல்லாம் மாத்த வேண்டாம். பின்னாடி மட்டும் 225 போட்டுருவோம். வண்டி லுக்கே மாறிரும்." காரைப் பூட்டி நாலடி நடந்ததும் திரும்பி ஒரு பார்வை பார்க்கிற ஆள்தானே நீங்களும்? நான் ஏன் தலையாட்டினேன் என்று கேட்கமாட்டீர்கள்.

கம்பெனி கொடுத்தது 185/65 R15. ரிம் ஐந்தரை அங்குலம். 225/60 டயருக்கு ஆறு அங்குலமாவது வேண்டும். டயர் கடைக்காரர் சொல்லத்தான் செய்தார்: "உட்காரும் சார். ஆனா உட்காரக் கூடாது." மச்சினன் முதல் பாதியை மட்டும் கேட்டான். நானும்தான்.

சின்ன உறைக்குள் திணித்த தலையணை மாதிரி டயர் நடுவில் புடைத்து நிற்கிறது. அகலத்துக்குக் காசு கொடுத்தேன். தரையை அழுத்துவது நடுப்பகுதி மட்டும். விட்டம் வேறு 3 செ.மீ. கூடிவிட்டது. முன் சக்கரம் 100 சுற்று சுற்றினால் பின்னது 95, 96தான் சுற்றுகிறது. ஏதோ விபரீதம் என்று ஏபிஎஸ் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. இந்த ஊரில் என்னை எச்சரித்த இரண்டாவது ஜீவன் அது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

போர்ஷே 911-இல் முன்னால் 235, பின்னால் 295 போடுகிறார்கள். அதற்கு எஞ்சின் பின்னால். பின் சக்கரம் உந்துகிறது. ரிம்மும் முன்னால் எட்டரை, பின்னால் பதினொன்றரை அங்குலம். என் வண்டி முன்சக்கர இழுவை. பின் சக்கரங்களுக்குக் கூடவே வருவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

ஆண்டாள் கோயில் தேரும் அப்படித்தான். ஆடிப்பூரத்தன்று வடம் பிடிப்பது முன்னால். பின் சக்கரம் பின்னால் வருகிறது. முன்பு மரச்சக்கரம், இப்போது இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக். அதை மாற்றியபோது யாராவது "பின்னாடி மட்டும் அகலமாப் போட்டா லுக்கா இருக்கும்" என்றார்களா? என் மச்சினன் பக்கத்தில் இல்லை, பிழைத்தது தேர். இருந்திருந்தால் தேர் ரத வீதி முக்குத் திரும்பியிருக்காது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் பின்னால் ஓர் அளவு, முன்னால் ஓர் அளவு என்று இரண்டு தினுசுக் கட்டையோடு ஓடியிருப்பார்கள். "அலைன்மென்ட் பார்க்கணும்" என்று எவனாவது அச்சுக்கடியில் படுத்திருப்பான். வடத்தைக் கீழே போட்டுவிட்டு ஊரே பின்பக்கம் போய்ப் படம் எடுத்திருக்கும். மேலே ரெங்கமன்னார் ஆண்டாளைப் பார்க்க, ஆண்டாள் கீழே குனிந்து, "யாரோ உளுந்து அரைக்கிறாங்க" என்று... சரி, விடுங்கள்.

எனக்கு வயிற்றெரிச்சல் டயர் மேல்கூட இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட முழுசாக வராது. முன்னால் டவுன் பஸ், பின்னால் நூல் மூட்டை ஏற்றிய லாரி, நடுவில் நான் இரண்டாவது கியரில். இந்த லட்சணத்தில் டீக்கடையில் எதிர்ப்படுகிறவரெல்லாம் டயரை ஓர் உதை உதைத்துவிட்டு, "கிரிப் எப்படி?" என்கிறார்.

"செம கிரிப்" என்கிறேன்.

நேற்று பழைய 185-ஐயே திரும்ப மாட்டியாயிற்று. ஆகவே: 225/60 R15, இரண்டு டயர், ஒன்பது நாள் ஓடியது, ஓரத்தில் லேசான உரசல். ஆறு அங்குலத்துக்குக் குறையாத ரிம் உள்ளவர்கள் மட்டும் வரவும். மச்சினனைக் கூட்டிக்கொண்டு வருபவர்களுக்கு விற்பதில்லை.